பத்துச் சுற்றில் முடியும் பயணம்

(ஒசூரில் சிறுதொழில் பட்டறையினரும் பாலிடெக்னிக், பொறியியல் மாணவர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மேசை மேல் ஓர் இரும்பு வட்டு இருக்கிறது. விட்டம் 30 செ.மீ., தடிமன் 36 மி.மீ., எடை 20 கிலோ. ஈஎன்8 இரும்பை லேத்தில் கடைந்து, நடுவில் ஷாஃப்டுக்குத் துளை போட்டது. கூட்டம் முடிந்ததும் எல்லோரும் வந்து தொட்டுப் பார்க்கலாம். இதை நிமிடத்துக்கு 3000 சுற்று சுழலவிட்டு, அதில் ஏறிய ஆற்றலை மட்டுமே கொண்டு, ஓட்டுபவரோடு சேர்த்து 150 கிலோ எடையுள்ள வண்டியை நின்ற இடத்திலிருந்து கிளப்ப முடியுமா? பதினாறு பதினேழு மீட்டருக்குள் அது ஸ்கூட்டர் வேகத்தை எட்டுமா? எட்டும். ஆனால் எவ்வளவு வேகம் என்பதைத் தீர்மானிப்பது இந்த வட்டு மட்டும் இல்லை. வட்டுக்கும் சாலையைத் தொடும் டயருக்கும் நடுவில் நாம் எதை வைக்கிறோம் என்பதுதான் பெரிய கேள்வி. இன்றைய பேச்சில் பாதி அந்த நடுப்பகுதியைப் பற்றியது.

இப்படிச் சுழன்று ஆற்றலைச் சேர்த்து வைக்கும் சக்கரத்துக்கு ஃப்ளைவீல் என்று பெயர். அது இந்த ஊருக்குப் புதிதில்லை. சிப்காட் தொழிற்பேட்டையின் உட்சாலைகளில் நடந்தால் பவர் பிரஸ் இடிக்கிற சத்தம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஒரு 50 டன் பிரஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பூட்டியிருப்பது பெரும்பாலும் 5 குதிரைத்திறன் மோட்டார். தகட்டை வெட்டும் அந்த ஓர் இடிக்குத் தோராயமாக 1500 ஜூல் ஆற்றல் தேவை என்று வைப்போம். அது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் செலவாகிறது. கணக்குப் போட்டால் அந்தக் கணத்தில் 15 கிலோவாட், அதாவது 20 குதிரைத்திறன். மோட்டாரிடம் இருப்பது ஐந்துதான். மீதிப் பதினைந்தைக் கொடுப்பது பக்கத்தில் சுழன்றுகொண்டிருக்கும் கனத்த வார்ப்பிரும்புச் சக்கரம். வீட்டு மொட்டை மாடித் தொட்டியை நினைத்துப் பாருங்கள். அரைக் குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஏற்றிய தண்ணீரை, அடியில் பெரிய குழாயைத் திறந்தால் இரண்டு நிமிடத்தில் கொட்டிவிடலாம். ஃப்ளைவீல் அப்படி ஒரு தொட்டி. நிதானமாக நிரம்பும், சட்டென்று கொடுக்கும்.

குயவர் சக்கரமும் இதே வகைதான். திகிரி என்ற பழந்தமிழ்ச் சொல் தேர்ச்சக்கரத்தையும் குறித்தது, குயவர் சக்கரத்தையும் குறித்தது. குச்சியால் நாலு சுழற்று சுழற்றிவிட்டு, அது ஓடும் வரை இரண்டு கையாலும் பானை வனைவார்கள். 1980இல் இந்த ஊரிலிருந்து டிவிஎஸ் 50 வெளிவந்தபோது அதன் எஞ்சினிலும் ஒரு ஃப்ளைவீல் இருந்தது. மேக்னெட் என்று மெக்கானிக்குகள் சொல்வார்களே, அது. இன்று ஒசூரில் ஏத்தர் மின் ஸ்கூட்டர் தயாராகிறது, போச்சம்பள்ளியில் ஓலா மின் ஸ்கூட்டர் தயாராகிறது. எஞ்சின் போனதோடு அந்த ஃப்ளைவீலும் வண்டியை விட்டுப் போய்விட்டது. ஆனால் தகட்டு உதிரிபாகங்களை இடித்துக் கொடுக்கும் பிரஸ்களில் அது இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பட்டறையில் மின்சாரம் போய்விட்டது. விசிறி நின்றது, விளக்கு அணைந்தது. சிக்கிக்கொண்ட தகட்டை எடுக்க ஹெல்பர் பையன் டைக்குள் கைவிட்டான். கரண்ட் இல்லை, மெஷின் செத்துவிட்டது என்று நினைத்தான். ஃப்ளைவீல் சுழன்றுகொண்டிருந்தது. கால் பெடலில் பட்டது. ஸ்லைடு ஒரு முறை இறங்கி ஏறியது. இரண்டு விரல் நுனிகள் போயின. அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது. அன்று ரத்தத்தைத் துடைத்தவர்களில் நானும் ஒருவன். சுவிட்சை அணைப்பது வேறு, ஆற்றலை அணைப்பது வேறு என்பதை எந்தப் புத்தகத்திலும் நான் கற்கவில்லை. ஃப்ளைவீல் வண்டி கட்ட ஆசைப்படுகிற ஒவ்வொரு பிள்ளையும் முதலில் அந்தப் பையனை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது வண்டிக்கு வருவோம். சந்திர சூடேஸ்வரர் தேர்த்திருவிழாக் கடைகளில் குழந்தைக்கு ஒரு கார் வாங்கியிருப்பீர்கள். தரையில் நாலு தடவை உரசிவிட்டால் விர்ரென்று ஓடும். பின்னால் இழுத்துவிடும் காரில் இருப்பது சுருள்வில். முன்னால் உரசிவிடும் காரைப் பிரித்துப் பாருங்கள், பல்சக்கரங்களுக்கு நடுவே சின்னதாக ஓர் உலோக வட்டு இருக்கும். ஃப்ளைவீல் வண்டி என்பது அதுதான். அதைப் பெரிதாக்கி ஆள் ஏறுகிற மாதிரி செய்ய வேண்டும், அவ்வளவே.

கணக்கைப் பார்ப்போம். இந்த வட்டின் நிலைமத் திருப்புத்திறன் 0.225 கிலோகிராம் சதுர மீட்டர். 3000 சுற்றில் அதற்குள் இருக்கும் ஆற்றல் ஏறக்குறைய 11,100 ஜூல். 70 கிலோ மனிதர் ஒருவர் ஐந்து மாடி உயரத்திலிருந்து விழுந்தால் தரையில் மோதும்போது என்ன ஆற்றல் இருக்குமோ, அது. சுற்று பாதியாகக் குறைந்து 1500க்கு வந்தால் நமக்குக் கிடைப்பது அதில் முக்கால் பங்கு, 8,300 ஜூல். பாதி வேகம் இறங்கினால் பாதி ஆற்றல்தானே வரும் என்று நினைப்போம். இல்லை, ஆற்றல் சுற்றின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால்தான் எடையை இரட்டித்தால் ஆற்றல் இரண்டு மடங்கு, சுற்றை இரட்டித்தால் நான்கு மடங்கு. வழியில் 15 சதவீதம் இழந்தாலும் மிச்சமிருக்கும் ஆற்றல் 150 கிலோ வண்டியை மணிக்கு 35 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுபோகப் போதும். ஒவ்வொரு நொடியும் வேகம் நொடிக்கு 3 மீட்டர் வீதம் கூடினால் அதற்கு ஆகும் தூரம் 16 மீட்டர், நேரம் மூன்று நொடிக்குச் சற்று மேல். டயரின் ஆரம் கால் மீட்டர் என்றால் சக்கரம் பத்துத் தடவை சுற்றும். பயணமே பத்துச் சுற்றுதான்.

சுற்றை இரட்டித்து ஆற்றல் நான்கு மடங்கு ஏறும்போது வட்டுக்குள் ஏற்படும் இழுவிசையும் நான்கு மடங்கு ஏறுகிறது. சுழலும் வட்டு தன்னைத்தானே பிய்த்துக்கொள்ளப் பார்க்கிறது. வார்ப்பிரும்புச் சக்கரத்தின் விளிம்பு நொடிக்கு 30 மீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்பது பழைய பட்டறை விதி. நம் வட்டு 3000 சுற்றில் நொடிக்கு 47 மீட்டரில் ஓடும். ஆகவே காயலான் கடையிலிருந்து பழைய பிரஸ் ஃப்ளைவீலை வாங்கி வந்து இந்த வேகத்தில் சுழற்ற யாரும் நினைக்க வேண்டாம். வார்ப்பில் ஓர் ஓட்டை ஒளிந்திருந்தால் போதும், அது வெடிக்கும். நம் கிருஷ்ணகிரிக் கருங்கல்லில் செய்தால் என்ன என்று ஒரு மாணவர் முன்பு கேட்டார். நல்ல கேள்வி. கருங்கல் அமுக்கத்தைத் தாங்கும், கோயில் தூணாக ஆயிரம் வருடம் நிற்கும். இழுப்பை அது தாங்காது. சுழலும் வட்டுக்குள் இருப்பதோ இழுப்பு. எனவே சோதித்து வாங்கிய உருக்கிரும்புதான் நமக்கு ஏற்றது.

இனி நான் முதலில் சொன்ன நடுப்பகுதி.

வண்டி நிற்கிறது. வட்டு 3000 சுற்றில் ஓடுகிறது. டயரின் சுற்று பூஜ்யம். மூன்று நொடி கழித்து வட்டு 1500க்கு இறங்கியிருக்க வேண்டும், டயர் 370 சுற்றுக்கு ஏறியிருக்க வேண்டும். ஒன்று இறங்க இறங்க மற்றது ஏற வேண்டும். இரண்டையும் ஒரே பல்சக்கர விகிதத்தில் பூட்டினால் ஒன்று இறங்கும்போது மற்றதும் இறங்கும். ஆகவே விகிதம் கணத்துக்குக் கணம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். இதுதான் சிக்கலின் கரு.

பெரும்பாலான மாணவர்கள் இங்கே ஒரு கிளட்ச்சைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். கிளட்ச் உரசி உரசி வண்டியை இழுக்கும், இரண்டும் ஒரே வேகத்துக்கு வந்ததும் பிடித்துக்கொள்ளும். வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே விகிதமும் ஒரு கிளட்ச்சும் மட்டும் இருந்தால், எவ்வளவு சாமர்த்தியமாக விகிதத்தைத் தேர்ந்தெடுத்தாலும், வட்டின் ஆற்றலில் கால் பங்குக்கு மேல் வண்டிக்குப் போகாது. கால் பங்கு வண்டிக்கு, கால் பங்கு வட்டிலேயே மிச்சம், சரிபாதி கிளட்ச் தகட்டில் சூடாகிப் போய்விடும். தகடு எவ்வளவு உயர்ந்த தரமாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. உந்தம் காக்கப்பட வேண்டும் என்பது இயற்கையின் கட்டளை, தகட்டின் குற்றமில்லை. அப்படி ஓடும் நம் வண்டி 22 கி.மீ. வேகத்தோடு நின்றுவிடும். வட்டு அதே வட்டு, வண்டி அதே வண்டி. இடையில் இருப்பது மாறினால் 22, 35 ஆகிறது. இந்தப் பதின்மூன்று கிலோமீட்டரை யார் எப்படிச் சம்பாதிக்கிறார்கள் என்பதில்தான் பொறியியல் இருக்கிறது.

உடனே ஸ்கூட்டர் நினைவுக்கு வரும். ஸ்கூட்டரில் கியர் மாற்றுகிறோமா? இல்லை. இரண்டு கூம்புக் கப்பிகளுக்கு நடுவே ஒரு வீ பெல்ட் ஓடுகிறது, கப்பி நெருங்க நெருங்க விகிதம் தானாக மாறுகிறது. வேரியேட்டர் என்கிறோம். விகிதம் சுமார் மூன்று மடங்கு வரை மாறும். இந்த ஊர் பட்டறைகளுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. பழைய ஸ்கூட்டரிலிருந்து அதைக் கழற்றி நம் வண்டியில் பூட்டினால் ஓடாது. ஏன்? அதன் உள்ளே இருக்கும் உருளைகள் எஞ்சின் சுற்று ஏறும்போது வெளிப்பக்கம் ஓடி டாப் கியரை நோக்கித் தள்ளுகின்றன. நம்மிடம் வட்டின் சுற்று இறங்கிக்கொண்டே வருகிறது. உருளைகள் உள்ளே வரும், விகிதம் நேர் எதிர்த் திசையில் மாறும். ஆகவே உருளைகளை எடுத்துவிட்டு, கப்பியை வெளியிலிருந்து ஒரு நெம்புகோலாலோ திருகாலோ தள்ள வேண்டும். பெல்ட் ஓடும்போது மட்டும்தான் அது நகரும், நிற்கும்போது நகராது. முதல் அடி எடுத்து வைக்கிறவரை கொஞ்சம் கிளட்ச் உரசல் தேவைப்படும். இவ்வளவும் தெரிந்த ஃபிட்டர் இந்த அரங்கிலேயே இருபது பேர் இருப்பீர்கள்.

எனக்குப் பிடித்த வழி இன்னொன்று. நெடுஞ்சாலை லாரிகளில் சரக்கைக் கட்டும் பட்டை பெல்ட் எல்லோருக்கும் தெரியும். அதில் ஒரு நீளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பின் அச்சில் ஓர் உருளை, வட்டிலிருந்து வேகம் குறைக்கப்பட்டு வரும் ஷாஃப்டில் ஓர் உருளை. தொடக்கத்தில் பட்டை முழுவதும் அச்சு உருளையில் சுற்றியிருக்கிறது, அந்த உருளை பருமனாக இருக்கிறது. ஷாஃப்ட் பக்கத்து உருளை மெலிந்திருக்கிறது. மெலிந்தது பருத்ததை இழுக்கிறது, இது ஃபர்ஸ்ட் கியர். பட்டை இங்கிருந்து அங்கே ஏற ஏற, மெலிந்தது பருக்கிறது, பருத்தது மெலிகிறது. விகிதம் தானாகவே மாறிக்கொண்டு போகிறது. 35 மி.மீ. ஆரம் 60 மி.மீ. ஆகும்படி பத்துச் சுற்று சுற்றினால் விகிதம் ஏறக்குறைய மூன்று மடங்கு மாறும். பட்டை தீர்ந்ததும் கழன்றுகொள்ளும், வண்டி தன் வேகத்தில் ஓடும். பட்டை முடிந்துபோகும் என்பதுதான் இதன் குறை. ஆனால் நமக்கு வேண்டியதே பத்துச் சுற்றுதானே! குறுகிய தூரம் என்ற நிபந்தனை இங்கே நமக்குத் துணையாக வருகிறது. பட்டையில் விழும் இழுவை 200 கிலோ சொச்சம், லாரிப் பட்டைக்கு அது பாரமே இல்லை. இதிலும் முதல் கட்டத்தில் கிளட்ச் உரசத்தான் செய்யும், ஆகவே முழு 35 கிடைக்காது. 22க்கு மேல் எவ்வளவு ஏறுகிறது என்பதை நீங்கள் கட்டி, ஓட்டி, அளந்து சொல்ல வேண்டும். பட்டை கொண்டு விகிதம் மாற்றும் இந்த யோசனை என் கண்டுபிடிப்பில்லை. சோவியத் நாட்டில் ஃப்ளைவீல் ஆராய்ச்சிக்கே வாழ்நாளைக் கொடுத்த நூர்பெய் குலியா என்ற பொறியாளர் இவ்வழியில் வேலை செய்தவர்.

மூன்றாவது வழி மின்சாரம். வட்டு ஒரு ஜெனரேட்டரைச் சுழற்றும், அது சக்கரத்தில் இருக்கும் மோட்டாருக்கு ஓட்டம் கொடுக்கும், நடுவில் கன்ட்ரோலர் விகிதத்தைப் பார்த்துக்கொள்ளும். மின்வண்டித் தொழில் வேரூன்றிவிட்ட இந்த மாவட்டத்தில் அதற்கு ஆள் பஞ்சம் கிடையாது.

உலகத்தில் இதை நிஜமாகச் சாலையில் ஓட்டியவர்கள் உண்டு. சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் நிறுவனம் ஜைரோபஸ் என்று ஒன்றைச் செய்தது. எஞ்சினும் இல்லை, பேட்டரியும் இல்லை, மேலே வழிநெடுகத் தொடரும் மின்கம்பியும் இல்லை. பஸ்ஸின் அடியில் 1.6 மீட்டர் விட்டமுள்ள, ஒன்றரை டன் எடையுள்ள வட்டு. காற்றின் தடையைக் குறைக்க அதை ஹைட்ரஜன் நிரப்பிய பெட்டிக்குள் அடைத்திருந்தார்கள். நிறுத்தத்தில் நின்று, கூரையிலிருந்து மூன்று கைகளை நீட்டிக் கம்பத்தைத் தொட்டு, வட்டை 3000 சுற்றுக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பும். ஒரு தடவை ஏற்றினால் 6 கி.மீ. வரை ஓடும். 1953இல் இவெர்டோன் என்ற சிறு நகரத்தில் பயணிகளை ஏற்றத் தொடங்கி 1960 வரை ஓடியது. அன்றைய பெல்ஜியக் காங்கோவின் லியோபோல்ட்வில் நகரில், இன்றைய கின்ஷாசாவில், 12 பஸ்கள் ஓடின. பெல்ஜியத்தின் கென்ட் நகரில் 3 ஓடின. 1959லேயே இந்த இரண்டு ஊர்களிலும் நிறுத்திவிட்டார்கள். கென்டில் கிலோமீட்டருக்கு 2.9 யூனிட் மின்சாரம் பிடித்தது. அதைவிட அதிக ஆள் கொள்ளும் டிராம்களுக்கே அவ்வளவு பிடிக்கவில்லை. பேரிங்குகள் தேய்ந்தன, பஸ்ஸின் எடையைச் சாலைகள் தாங்கவில்லை.

அந்த ஒன்றரை டன் வட்டில் இருந்த ஆற்றலைக் கணக்கிட்டால் 6.6 யூனிட் வருகிறது. இன்றைய மின் ஸ்கூட்டரின் 3 யூனிட் பேட்டரி இருபது சொச்சம் கிலோ. அப்படி இரண்டு பேட்டரி, அந்த ஒன்றரை டன் இரும்புக்குச் சமம். இதை மறைக்க நான் விரும்பவில்லை. மேசை மேல் இருக்கும் இந்த 20 கிலோ வட்டில் 3000 சுற்றில் இருப்பது 3 வாட் மணி. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசி பேட்டரியில் இதைப்போல் ஆறு மடங்கு இருக்கிறது. நெடுந்தூரம் போக ஃப்ளைவீல் உதவாது. ஒசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கிருஷ்ணகிரி அதைவிடக் குறைந்தது 350 மீட்டர் தாழ்வில். 15 டன் பஸ் ஒன்று இங்கிருந்து அங்கே இறங்கும்போது 14 யூனிட் ஆற்றல் பிரேக்கிலும் காற்றிலும் கரைந்துபோகிறது. அதை இந்த வட்டில் பிடிக்கலாமா என்றால், பஸ் ஏழரை சென்டிமீட்டர் இறங்கும்போதே வட்டு நிரம்பிவிடும்.

ஆனால் கைப்பேசி பேட்டரியால் மூன்று நொடிக்கு இரண்டரை கிலோவாட் கொடுக்க முடியுமா? அங்கேதான் வட்டு ஜெயிக்கிறது. சிறிது நேரத்துக்கு அதிகத் திறன், லட்சம் தடவை ஏற்றி இறக்கினாலும் தேயாத கொள்ளளவு, கிருஷ்ணகிரி வெயிலைப் பற்றிய கவலை இல்லை, லித்தியத்துக்குக் கப்பலை எதிர்பார்க்க வேண்டியதில்லை. எங்கே அடிக்கடி நின்று அடிக்கடி கிளம்ப வேண்டுமோ அங்கே அதற்கு இடமுண்டு. இங்கிலாந்தின் ஸ்டவர்பிரிட்ஜில் முக்கால் மைல் சொச்சமே உள்ள கிளை ரயில்பாதையில் 2009 முதல் ஃப்ளைவீல் ரயில் பெட்டி ஓடுகிறது. அரை டன் வட்டு, அதைச் சுழற்ற ஒரு சிறிய எரிவாயு எஞ்சின். கிளம்பும்போது வட்டு தள்ளுகிறது, நிற்கும்போது பிரேக்கின் ஆற்றல் வட்டுக்குத் திரும்புகிறது. 2012இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற ஆடி காரில் ஓட்டுநருக்குப் பக்கத்திலேயே ஒரு ஃப்ளைவீல் சேமிப்பான் இருந்தது. வளைவில் பிரேக் பிடிக்கும்போது வாங்கி, வளைவு தாண்டியதும் கொடுத்துவிடும். வோல்வோ 2013இல் சோதித்த வட்டு 6 கிலோதான், 20 செ.மீ. விட்டம், ஆனால் கரிம இழையில் செய்து வெற்றிடத்தில் நிமிடத்துக்கு 60,000 சுற்று சுழலவிட்டார்கள். அமெரிக்காவின் ஜெரால்ட் ஃபோர்டு விமானம் தாங்கிக் கப்பலில் 90 மீட்டர் சொச்சம் ஓடுதளத்தில் போர் விமானத்தை வீசி எறிய வேண்டும். அந்த ஒரு வீச்சுக்கான ஆற்றலைச் சேர்த்து வைப்பதும் சுழலும் வட்டுகள்தான். நம் பிரஸ் ஷாப்பில் நடப்பதன் பேருருவம் அது.

ஏன் இதை இந்த ஊரில் கட்டச் சொல்கிறேன்? இங்கே 1970களில் சிப்காட் வந்தது, பிறகு அசோக் லேலண்ட் வந்தது, டிவிஎஸ் வந்தது, 1987 வாக்கில் டைட்டன் கடிகாரம் வந்தது. பெரிய நிறுவனங்களுக்கு அவரவர் ஆய்வுக்கூடம் உண்டு. ஆனால் சுற்றியுள்ள நூற்றுக்கணக்கான பட்டறைகளில் நடப்பது ஜாப் ஒர்க். வரைபடம் வெளியிலிருந்து வரும், பொருள் இங்கிருந்து போகும். ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி வழியாக வண்டி வண்டியாகப் போகும். மைக்ரான் கணக்கில் கடைகிற கைகள், தாங்கள் கடைவது எதற்குப் பொருந்துகிறது என்று கேட்காமலே ஒரு தலைமுறையைக் கழித்துவிட்டன. மறுபக்கம், இறுதியாண்டு புராஜெக்டைக் காசு கொடுத்து ரெடிமேடாக வாங்கி, கல்லூரியில் காட்டிவிட்டு மூலையில் போடும் பிள்ளைகள். ஃப்ளைவீல் சைக்கிள் என்று எத்தனை பார்த்திருக்கிறேன்! ஒன்றிலாவது எத்தனை ஜூல் உள்ளே போனது, எத்தனை ஜூல் வெளியே வந்தது என்று அளந்தார்களா? என் மனம் வலிப்பது அங்கேதான். பட்டறைக்குக் கை தெரியும், மாணவருக்குக் கணக்கு தெரியும். இரண்டும் ஒரு வண்டியில் சந்தித்தால் என்ன?

செய்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். வட்டைக் கடைந்தவுடன் பேலன்சிங் பாருங்கள். மையம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விலகினாலும் 3000 சுற்றில் பேரிங்கை 20 கிலோ விசை நொடிக்கு ஐம்பது தடவை அடிக்கும். வட்டைப் படுக்கையாக, அச்சு செங்குத்தாக இருக்கும்படி வையுங்கள். பம்பரம் தன் அச்சைத் திருப்பவிடாமல் அடம்பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். வட்டு நின்றவாக்கில் இருந்தால் வண்டி திரும்பும்போது அந்த அடம் வண்டியைச் சாய்க்கும். ஜைரோபஸ்ஸிலும் படுக்கையாகத்தான் வைத்தார்கள். சுற்றிலும் கனமான தகட்டில் மூடு கூண்டு கட்டாயம். அது இல்லாமல் நூறு சுற்றுகூட ஓட்டாதீர்கள். முதல் ஓட்டம் ஆள் ஏறாமல், மணல் மூட்டை வைத்து, 1000 சுற்றில். வட்டு நின்றுவிட்டதா என்பதைக் காதால் முடிவு செய்யாமல், கூண்டில் ஒரு சிறு கண்ணாடித் துளை விட்டுக் கண்ணால் பாருங்கள். நிறுத்துவதற்கு வட்டுக்கென்றே தனி பிரேக் வேண்டும்.

ஏற்றுவது சுலபம். ஒரு குதிரைத்திறன் மோட்டார் இருந்தால் இருபது நொடியில் 3000 சுற்று வந்துவிடும். மின்சாரமே வேண்டாம் என்றால் பெடல் போடுங்கள், ஒரு வாலிபர் இரண்டு மூன்று நிமிடம் மிதித்தால் போதும். ஒரு யூனிட் மின்சாரத்தில், இழப்பெல்லாம் போக, இருநூறு தடவைக்கு மேல் இந்த வண்டியைக் கிளப்பலாம்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மூன்று எண்களை நோட்டில் எழுதுங்கள்: கிளம்பும்போது வட்டின் சுற்று, முடியும்போது வட்டின் சுற்று, வண்டி எட்டிய வேகம். முதலில் வெறும் கிளட்ச்சோடு ஓட்டுங்கள், 22க்குப் பக்கத்தில் வருகிறதா பாருங்கள். பிறகு பட்டையைச் சுற்றுங்கள்.

இந்த வட்டை நான் வீட்டுக்குத் திரும்ப எடுத்துப்போகப் போவதில்லை. ஒரு பட்டறையும் ஒரு மாணவர் குழுவும் சேர்ந்து வந்து கேட்டால் இங்கேயே கொடுத்துவிடுகிறேன். தனியாகக் கேட்டால் கொடுக்க மாட்டேன், இருவரும் சேர்ந்துதான் கேட்க வேண்டும். வண்டி தயாரானதும் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். மணல் மூட்டையை இறக்கிவிட்டு முதலில் ஏறி உட்கார நான் வருகிறேன்.